புதன்கிழமைக்கு ஒரு வீடு

என் வாயாடித் தங்கத்துக்கு,

உன் நினைவு ஜெபம் போன புதன்கிழமை உன் வீட்டிலேயே நடந்தது. கூடம் நிறைந்து, படிக்கட்டு வரை ஆள் இருந்தது. சுக்குக் காப்பியில் கருப்பட்டி கூடிப்போயிற்று. நீ இருந்திருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பாய். நான் பேசாமல் குடித்து முடித்தேன். கான்வென்டில் சிஸ்டர்கள் போட்ட பூட்டு இந்த வயதிலும் என் வாயில் இருக்கிறது.

நீ கேட்பாய் என்று தெரியும், ஆகவே முதலில் தெருச் செய்தி. எதிர்த்த வீட்டில் டெலிவிஷன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா போட்டால் தெருவே அந்த ஜன்னலில் தொங்குகிறது. சாலைக் கடைத்தெரு முழுக்க நைலான் கயிறு குவிந்து கிடக்கிறது. உன் வீட்டுக்காரர் செல்லையா வீட்டு முன்பக்கத்துக் கயிற்றுக் கடையில் அதை விரலால் தடவிப் பார்த்து, "இது கயிறா, சேமியாவா?" என்று கேட்கிறார். சிரிக்காமல்தான் கேட்கிறார். நீ போனபின் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

சபைப் பத்திரிகைக்கு உன்னைப்பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப்பற்றி மற்றவர்களுக்கு எழுதுவதைவிட, உனக்கு எழுதிவிட்டு மற்றவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று விடுவது எனக்கு எளிதாக இருக்கிறது. நாலு வரியில் அடங்கவும் அடங்காது.

ஜெபத்தில் எஸ்தர் டீச்சர் உன்னைப்பற்றி நன்றாகவே பேசினாள். சண்டே ஸ்கூல், நோயாளிகளைப் பார்க்கப் போனது, கிறிஸ்மஸுக்கு நீ சுட்ட முந்திரிக்கொத்து எல்லாம் சொன்னாள். கடைசியில், "தங்கம் கொடுத்துவைத்தவள். மேபல் அக்காவைப்போல ஒழுங்கான ஒரு வாடகைக்காரி எந்த மாடிக்குக் கிடைக்கும்?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். எனக்கு வீடில்லாமல் இருந்ததைச் சொன்னேன். நீயும் நானும் அந்தச் சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை, இல்லையா? இத்தனை வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினோம். உனக்கு எவ்வளவு தெரியும் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆகவே அவர்களிடம் சொன்னதை உனக்கும் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் தேயிலைக் கம்பெனியின் டவுன் ஆபீசில் வேலை பார்த்தார். அவர் இறந்ததும் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்தேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது வேலைக்குக் கொடுத்த வீடு, விதவைக்குக் கொடுத்தது அல்ல. பிறகு வஞ்சியூரில் ஒரு ஓட்டு வீட்டின் பாதியில் குடியிருந்தேன். வீட்டுக்காரரின் மகன் கல்ஃபிலிருந்து வந்தான். ஓட்டு வீட்டை இடித்துவிட்டு டெரஸ் வீடு கட்டப் போவதாகச் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். ஒரு டின் பிஸ்கட்டும் தந்தான். அந்த டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றது நினைவிருக்கிறது. நான் வாடகை கொடுக்கத் தவறியவள் அல்ல. ஆனாலும் நின்றேன்.

வீடு தேடாமல் இல்லை. அந்தக் காலத்தில் ஊரெங்கும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மொசைக் தரை, வளைந்த பால்கனி, கேட்டில் சிங்கத் தலை, உள்ளே ஒரு வாட்ச்மேன் மட்டும். "அம்மா ஒற்றைக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றதும் சாவி மடிக்குள் போய்விடும். ஒருவர் மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார்: உங்களுக்கு ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால் நாங்கள் யாருக்குத் தந்தி அடிப்பது? நியாயமான கேள்வி. எனக்குப் பிள்ளைகள் இல்லை. நாகர்கோவிலில் தம்பி இருந்தான். அவன் மனைவி நடத்தும் வீட்டில் என் பெட்டியை வைக்க இடம் கேட்டேன். என்னை வைக்க இடம் கேட்கவில்லை.

அப்படித்தான் நான் விருந்தாளியானேன்.

கான்வென்டில் எங்களுக்கு விருந்தாளியாக நடந்துகொள்ளப் பாடமே உண்டு. அதிகம் சாப்பிடக் கூடாது, வீட்டுக்காரிக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும், இருந்த இடம் தெரியாமல் படுக்கையை மடித்துவைக்க வேண்டும். கல்யாணமாகிப் பெரிய வீடுகளுக்குப் போகும்போது உதவும் என்று கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு வேறு விதமாக உதவிற்று. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவேன். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே" என்று அவர்கள் கேட்கும்போது புறப்பட வேண்டும். அப்போதுதான் அடுத்த மாதமும் அந்தக் கதவைத் தட்ட முடியும்.

ஒரு கைப்பைதான் வைத்திருந்தேன். பெட்டி கொண்டுபோனால் தங்க வந்தவள், கைப்பை கொண்டுபோனால் பார்க்க வந்தவள். அதற்குள் இரண்டு சேலை, பைபிள், சோப்புப் பெட்டி, என் கணவரின் சட்டம் போட்ட படம். எங்கே குடியிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் குடையை நீட்டி, "அந்தப் பக்கம்தான்" என்பேன். பொய் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நீட்டினாலும் அந்தப் பக்கம் ஏதாவது ஒரு வீடு இருக்கும்.

ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பகல் என்று ஒன்று இருக்கிறதே, அது நீளமானது. தம்பானூர் ஸ்டேஷனில் பெண்கள் காத்திருக்கும் அறை, மியூசியம் தோட்டத்து பெஞ்சு, வாசகசாலையில் இங்கிலீஷ் பேப்பர். ஒரே இடத்தில் இரண்டு நாள் சேர்ந்து உட்கார மாட்டேன். தெருமுனையில் தேய்ப்பு வண்டிக்காரருக்கு மட்டும் நான் நிலையான வாடிக்கை. கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை கட்டியவளை வீடில்லாதவள் என்று யாரும் நினைப்பதில்லை. நடைபாதையில் படுத்திருப்பவர்களைத் தாண்டி நடக்கும்போது, அவர்களில் சிலர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ?

வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்தால்தான் கஷ்டம். பசியைக்கூட மறைக்கலாம் தங்கம், ஈரச் சேலையை மறைக்க முடியாது. ஒரு வீட்டில் காலையில் துவைத்தால் அது காயும்வரை அங்கே இருக்க வேண்டும். இருந்தால் மூன்றாம் நாள் ஆகிவிடும். ஆகவே பிழிந்து சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புவேன். வெயில் படாத துணிக்கு ஒரு வாடை உண்டு. பவுடர் தூவினேன். சோப்பை நடுவில் வைத்துப் பார்த்தேன். போகவில்லை.

அந்த நாட்களில் உன்னை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இப்போது சொன்னால் என்ன? புதன்கிழமைப் பெண்கள் ஜெபத்தில் நீ என் பக்கத்தில் வந்து உட்காருவாய். எஸ்தர் டீச்சரின் ஜெபம் இலங்கை, பர்மா என்று சுற்றிவரும்போது என் தொடையில் கிள்ளுவாய். வீட்டில் என்ன குழம்பு, செல்லையாவோடு என்ன சண்டை, எல்லாம் தெருவுக்கே தெரியும். ஓட்டை வாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைநாளில் ஜெபம் முடிந்து வெளியே வந்தோம். நீ என் பையின் பக்கமாகக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாய். நிமிர்ந்து, "அக்கா, எங்க மொட்டைமாடி ஷெட்டிலே கொடி ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. ஒங்க கையிலே ஏதாவது சேலை இருந்தா இந்தப் பக்கம் போடுங்க. நேரே நிக்கும். ஒரு ஒதவியாச் செய்யுங்க" என்றாய்.

கொடி சாய்வதற்கும் சேலைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். பள்ளியில் பௌதிகம் படித்தவள் நான். ஆனாலும் உன் பின்னால் வந்தேன். அன்று முதல் உன் கொடி வாரா வாரம் சாய்ந்தது. காய்ந்த சேலையை நீ மடித்துக் கொடுக்கும் விதம் எனக்குப் பிடிக்காது. வாங்கி, பிரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மறுபடி மடிப்பேன். நீ பார்த்துக்கொண்டே நிற்பாய். ஒரு கேள்வி கேட்கவில்லை.

புதன் ஜெபத்துக்கு ஒரு முறை உண்டு, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வாரம் ஒரு வீடு என்று சுற்றிவரும். அந்த வீட்டுக்காரி பாய் விரித்து, காப்பி பலகாரம் கொடுக்க வேண்டும். என் முறை நெருங்கும்போதெல்லாம் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று நாகர்கோவில் பஸ் ஏறிவிடுவேன். தம்பியிடம் மட்டும் சொல்ல மாட்டேன், பாவம். ஆனால் வீடில்லை என்பது சபைக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கப் பெயர் கூப்பிடுவார்கள். அந்த வரிசையில் மேபல் என்ற பெயர் வரும். யார் வீட்டுக் கதவும் அதற்குப் பிறகு எனக்கு விருந்தாளிக் கதவாக இருக்காது. என்னிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான்.

ஒரு புதன்கிழமை எஸ்தர் டீச்சர் என்னை மடக்கிவிட்டாள். "அடுத்த வாரம் மேபல் அக்கா வீடு. இந்தத் தடவை நாகர்கோவில் விடமாட்டோம். ஆமா, வீடு எங்கே அக்கா? நாங்க யாருமே பாக்கல்லியே" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடை என் கையில் இல்லை, வாசலில் இருந்தது.

"எங்க மாடிதான்" என்றாய் நீ. "போன மாசமே வந்தாச்சு. ஒங்ககிட்டே சொல்லல்லியா? அக்காவுக்குத் தம்பட்டம் அடிக்கப் பிடிக்காதுன்னு தெரியும்லா."

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, தங்கம். அதற்குள் ஒரு பொய்.

நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வேகமாக நடந்தேன். நீ செருப்பு சப்திக்கப் பின்னால் ஓடிவந்தாய். யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒரு புதன்கிழமைதானே அக்கா. காப்பி குடிச்சிட்டுப் போயிருவாங்க. வியாழக்கிழமை வீடு மாறிட்டியன்னு சொல்லிக்கிடலாம்."

"ஜெபித்த வாயால் பொய் சொல்லலாமா?"

"கூடாதுதான். அப்போ மெய்யாக்கிப் போடுவோம். வாங்க, மாடி ரூமிலே கெடக்க கயித்தை நகத்துவோம்."

நான் நின்றுவிட்டேன். நீ என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே, "கோவம் வந்தா ஒங்களுக்கு மூக்குச் செவக்கு, கேட்டியளா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் எப்படி மறுப்பது?

உன் மாடி அறை செல்லையாவின் கடைச் சரக்கு வைக்கும் கிட்டங்கி. நார்க்கயிற்றுக் கட்டுகள், இரும்புக் கப்பிகள், தார்ப்பாய்கள். ஒரு பிற்பகலுக்கு மட்டும் என்று நீ அவரிடம் அனுமதி வாங்கியிருந்தாய். நாம் இரண்டு பேரும் எல்லாவற்றையும் மொட்டைமாடி ஷெட்டுக்கு உருட்டினோம். தரையை நான்தான் கழுவினேன், நீ கழுவியது போதவில்லை என்று. கீழிருந்து ஒரு கட்டில் வந்தது, ஒரு திரை வந்தது. நான் பையிலிருந்து அவர் படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் அலமாரியில் நிறுத்தினேன். அந்தப் படம் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. நீ வெளியே போய் வெறும் கொடியைச் சரிசெய்துகொண்டிருந்தாய்.

புதன்கிழமை பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போதகர் ஐயா படியேறி வந்தார். நீயும் நானும் எதிர்பார்க்காத ஒன்று. புது வீட்டுக்கு வந்து பிரதிஷ்டை ஜெபம் வைக்காமல் இருந்திருக்கிறாரே மேபல் அக்கா என்று எஸ்தர் டீச்சர்தான் ஏற்பாடு செய்திருந்தாள். கையில் சுவரில் மாட்ட வசனப் படம்கூடக் கொண்டுவந்தாள். ஒரு பிற்பகலுக்குக் கேட்ட கிட்டங்கியை ஆண்டவருக்குப் பிரதிஷ்டை செய்துவிட்டால் அப்புறம் எப்படிக் கயிறு வைப்பது? நான் உன்னைப் பார்த்தேன். நீ உடனே கண்ணை மூடிக்கொண்டாய்.

பாதி ஜெபத்தில் மழை அடித்தது. ஷெட்டில் கயிறு நனைகிறதா என்று பார்க்கச் செல்லையா கடையிலிருந்து ஓடி மாடிக்கு ஏறினார். சட்டை நனைந்து, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றவரைப் போதகர் கண்டுவிட்டார். அப்படியே கைநீட்டி அவர் தலையில் வைத்து, தனித்த ஒரு விதவைக்கு அவள் வாழ்நாள் உள்ளளவும் தன் வீட்டைத் திறந்துவிட்ட இந்தச் சகோதரனை ஆசீர்வதியும் என்று உருக்கமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். செல்லையா ஒருமுறை அறையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். உன் கண் மூடியேதான் இருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அவரும் மெதுவாக ஆமென் என்றார்.

எல்லோரும் போனபின் நான் படத்தை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனேன். அன்றிரவு பேரூர்க்கடையில் ஒரு வீட்டுக்குப் போவதாக இருந்தேன். செல்லையா வாசலில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் நேராகப் பேசமாட்டார் அல்லவா, உன்னிடம் சொன்னார்: "ஆமென்னு சொல்லியாச்சு. இனி கயித்துக்குத்தான் வேற எடம் பாக்கணும்."

நான் வாடகை இல்லாமல் இருக்க முடியாது என்றேன். நீ சரி என்றாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பையை எடுத்திருப்பேன். அது உனக்கு எப்படித் தெரிந்தது? அன்றைக்கு நான் அசந்து தூங்கினேன். விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்தேன். நான் முந்திக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய வீட்டுக்காரி யாரும் அங்கே இல்லை.

பிறகு நீ ஊருக்கெல்லாம் சொன்னதும் காதில் விழுந்தது. மாடி சும்மா கிடக்கிறது, நல்ல ஆளாக வேண்டும் என்று நீதான் என்னைக் கெஞ்சி அழைத்துவந்ததாக. குழம்பில் உப்புக் கூடியதைக்கூட மறைக்கத் தெரியாத நீ, இந்த ஒன்றைக் கடைசிவரை மறைத்தாய். ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிப் பிதற்றியபோதுகூட என்னை "மாடி அக்கா" என்றுதான் கூப்பிட்டாய்.

இதைத்தான் அவர்களிடம் சொன்னேன். நான் கிடைத்தற்கரிய வாடகைக்காரி அல்ல, படுக்க இடமில்லாத ஒருத்தி என்று. கூடம் முழுக்க "ஐயோ" என்றார்கள். எஸ்தர் டீச்சர் அழுதாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொருத்தியாக வந்து கையைப் பிடித்தார்கள். நல்ல பெண்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

நான் மாடிக்கு ஏறும்போது ஒருத்தி மட்டும் பின்னால் வந்தாள். சேலை நன்றாகத்தான் உடுத்தியிருந்தாள். படியில் நின்று குரலைத் தாழ்த்தி, "காச்சல் வந்தா எங்கே அக்கா படுப்பிய?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் கீழே பேச்சுச் சத்தம் கேட்டு இறங்கிப் போய்விட்டாள். ஐயோ என்றவர்களில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை, தங்கம். அது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றுகிற கேள்வி அல்ல.

அவள் பெயரை உனக்குக்கூட எழுத மாட்டேன், மற்றவர்கள் படிப்பார்கள். அவளும் படிப்பாள். ஆகவே அவளுக்குச் சொல்ல நினைத்த பதிலை உன்னிடம் சொல்கிறேன். காய்ச்சல் வந்தால் பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளி வராந்தாவுக்குப் போவேன். மருந்துக்கு அல்ல. அங்கே பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சாயங்காலம் பெருக்க வந்து எழுப்பும்வரை கிடக்கலாம். அது நல்ல இடம் அல்ல. இனி யாரும் அங்கே போக வேண்டாம்.

மானம் போய்விடும் என்று பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. புதன்கிழமை இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன். வியாழக்கிழமை காலையில் பால்காரர் வந்தார். எப்போதும்போல் "அம்மச்சீ" என்று கூப்பிட்டுவிட்டு, பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் நேராகப் பிடிக்கச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

அன்றைக்கே செல்லையாவிடம் மாடிக்கு இன்னொரு கட்டில் வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்பார் என நினைத்தேன். உன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கயித்துக் கட்டிலா, பலகைக் கட்டிலா?" என்று மட்டும் கேட்டார்.

பலகைக் கட்டில் என்றேன். நேற்று வந்துவிட்டது. விரிப்பை நானே போட்டேன், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. சந்துப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் கடையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பகலில் கதவைத் தாழிட மாட்டேன். வருகிறவள் பெட்டியோடு வரலாம். எங்கிருந்து, எதற்கு, எவ்வளவு நாள் என்று நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க மாட்டேன் தங்கம், இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன்
மாடி அக்கா,
மேபல்